மாதிரி ஆர்கனா, பதிகுழல் ஆர்கனா?

வணக்கம்.

> 'சாம்பிள்டு வர்ச்சுவல் பைப் ஆர்கன்' = 'மெய்நிகர் மாதிரி ஆர்கன்'. போதாதா?

பைப் ஆர்கன் என்பது கட்டைகளை அழுத்தினால் காற்று குழல்களை ஊதும் பெரிய வாத்தியம்; அதன் ஒலியைப் பதிந்து கணினியில் வாசிக்கத் தரும் மென்பொருளுக்குத்தான் இங்கே பெயர் தேடுகிறோம். 'மெய்நிகர்' சரி. 'மாதிரி'தான் உதைக்கிறது. புள்ளியியலில் அந்தச் சொல்லால் குழப்பமில்லை. இங்கே 'மாதிரி ஆர்கன்' என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சின்ன உருவம் நினைவுக்கு வருகிறது. திருப்பிப் போட்டு 'ஆர்கன் மாதிரி' என்றால் இன்னும் மோசம். ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் போன்ற மென்பொருள்களின் பெருமையே அந்த 'போல' இல்லாததுதானே? எங்கோ ஒரு தேவாலயத்தில் நிற்கிற ஆர்கனின் குழல்களை ஒவ்வொன்றாக ஊதவைத்துப் பதிந்திருக்கிறார்கள். நாம் கட்டையை அழுத்தினால் அந்தக் குழலின் பதிவே ஒலிக்கிறது. 61 கட்டை என்றால் ஒரு குழல்வரிசைக்கே 61 பதிவுகள்.

அதனால் 'பதிகுழல் ஆர்கன்' என்கிறேன். 'ஏவுகணை' போல வினைத்தொகை. ஒற்று மிகாது, 'பதிக்குழல்' என்று எழுதிவிட வேண்டாம்.

அடுத்தது 'ரிலீஸ்'. எனக்கு இதுதான் முக்கியம். விரலை எடுத்ததும் காற்று நின்று குழல் ஓய்கிறது, கூடவே கட்டடத்துக்குள் முழக்கம் தேய்கிறது. இரண்டும் சேர்ந்த பதிவு அது. 'எதிரொலி' கட்டடத்தை மட்டும்தான் சொல்லும். 'கார்வை' காதுக்கு இனிமைதான், ஆனால் அது சுரத்தை நீட்டிப் பிடிப்பது. இங்கே பேசுவதோ பிடியை விட்ட பிறகு நடப்பதை. 'முடிப்பு' என்றால், எடுப்பு, தொடுப்பு, முடிப்பு மூன்றும் பல்லவி, அனுபல்லவி, சரணத்துக்கு ஏற்கெனவே போய்விட்டன. என் பரிந்துரை: அடங்கொலி.

இதைப் புழங்கிப் பார்த்தேன், நன்றாகவே வளைகிறது. கட்டையைத் தட்டிவிட்டு உடனே விட்டால் முழக்கம் கட்டடத்தை நிரப்பியிருக்காது. அழுத்திப் பிடித்து விட்டால் நிரம்பியிருக்கும். அதனால் நல்ல பதிவுத் தொகுப்புகளில் ஒரே குழலுக்கு இரண்டு மூன்று அடங்கொலிகள் இருக்கும். குறில் அடங்கொலி, நெடில் அடங்கொலி என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம்! நினைவகம் போதாமல் ஒருமுறை நெடிலை மட்டும் ஏற்றி வேகமாக வாசித்தேன். தட்டிய ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் ஒரு பெரிய முழக்கம் வந்து அடுத்ததன் மேல் விழுந்தது.

'ஸ்டாப்', அதாவது ஒரு குழல்வரிசையை ஒலிக்கவிடும் இழுப்புக் குமிழ், அப்படியே இருக்கட்டும். 'நிறுத்தி' என்று பெயர் வைத்துவிட்டு, அதை இழுத்தால்தான் ஒலி வரும் என்று யாருக்கு விளக்குவது?

அப்புறம் 'அட்டாக்', அதாவது கட்டையை அழுத்தியதும் ஒலி எழும் அந்தத் தொடக்கம். இதற்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. 'எழொலி' இலக்கணத்துக்குள் நிற்கிறது, நாக்கில் நிற்கவில்லை. அகராதியைப் பார்த்து 'தாக்கு' என்று போட்டால் குழலை யாரோ அடித்த மாதிரி இருக்கிறது. (மாதிரி வந்துவிட்டது, பாருங்கள்.) யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.