சைக்கிளின் பின்சக்கரக் கம்பி அறுந்த கதை உங்களிடமும் உண்டா?

ஜெலுத்தோங்வாசி:

மூன்றாவது கம்பியும் போயிற்று. வண்டி வாங்கி நான்கு மாதம்தான். ஞாயிறு காலை பினாங்குத் தீவைச் சுற்றக் கிளம்பி, தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டி, தித்தி கெராவாங் ஏற்றத்தில் நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். ‘டிங்’. யாரோ சாலையில் பத்துக் காசைப் போட்ட மாதிரி. அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். சக்கரம் பிரேக் கட்டையில் உரசியதால் பின்பிரேக்கைத் திறந்துவிட்டு, முன்பிரேக்கை மட்டும் நம்பி பாலிக் புலாவ் வரை இறங்கினேன்.

28 கம்பிச் சக்கரம், என் எடை 91 கிலோ. முதல் இரண்டு முறையும் கடையில், “உங்கள் எடைக்கு இப்படித்தான்” என்று சொல்லி ஒரு கம்பி மாற்றி, கோட்டம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று முறையும் அறுந்தது இடது பக்கம், அதாவது செயின் இல்லாத பக்கம். அங்கே இழுப்பு குறைவு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? அப்புறம் ஏன் அதுவே முதலில் அறுகிறது?

இதை எழுதுவதற்குக் காரணம் கம்பி இல்லை. பாலிக் புலாவில் ஓர் அஞ்சடியில் (கடை முன்நடையில்) பிள்ளைகளின் சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த சீனத் தாத்தா ஒருவர். அறுந்த கம்பியை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே வந்தார். வலது பக்கம் ‘டிங், டிங்’. இடது பக்கம் ‘டொக், டொக்’. பிறகு இடது பக்கக் கம்பிகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து அழுத்திக் காட்டினார், கொடிக்கயிறு மாதிரி வளைந்தன. “லொங்கார்” என்றார், தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மலாயில், “நீ குண்டு இல்லை, இதுதான் லொங்கார்” என்றார். மூன்று வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு வீடு வரை ஓடுகிற மாதிரி நேராக்கிக் கொடுத்தார்.

ஸ்டாண்டும் கருவியும் வைத்திருக்கிற கடையில் இரண்டு தடவையும் யாரும் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லையே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குளுகோர் கடலோரம்:

எடையும் இல்லை, லொங்காரும் இல்லை. உப்பு. நான் தினமும் குவின்ஸ்பே கடலோரமாகத்தான் ஓட்டுகிறேன். என் ரிம்மில் இருந்தது அலுமினிய நிப்பிள், அதாவது கம்பியின் முனையை ரிம்மோடு பிடிக்கிற சின்னத் திருகுமரை. ஒரு வருடத்தில் ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. ஒருநாள் ஃபெரியில் ஏற வண்டியைத் தூக்கினால் ரிம்முக்குள் ஏதோ கலகலவென்று உருள்கிறது, குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி. பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்ற பையன் சிரித்தான். டியூபைக் கழற்றிப் பார்த்தால் நிப்பிளின் தலை மட்டும் தனியே உள்ளே கிடக்கிறது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பித்தளை நிப்பிள் போடுங்கள். சில கிராம்தான் கூடும். தீவில் இருந்துகொண்டு அலுமினிய நிப்பிள் வாங்குவது வீண்செலவு.

பாயான் லெப்பாஸ் ஓய்வாளர்:

தம்பி, உப்பு நிப்பிளைத் தின்னும், சரி. ஆனால் அவருக்கு அறுந்தது கம்பி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

எனக்கு ஒரே ஒரு தடவைதான் அறுந்திருக்கிறது. 1990-களில், ஹப் (சக்கரத்தின் நடு உருளை) ஓரத்து வளைவில். தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்பதால் அறுந்த முனையை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். சிப்பி ஓடு மாதிரி வரிவரியாக இருந்தது. ஒரே இழுப்பில் அறுந்தது அப்படி இருக்காது, நாள்பட்ட களைப்பு அது.

இப்போது கவனியுங்கள். சக்கரம் உருளும்போது தரையைத் தொடுகிற இடத்துக் கம்பி கொஞ்சம் தளர்கிறது, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். தீவை ஒரு சுற்று 70 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு கம்பியும் அன்று 33,000 தடவை தளர்ந்து இறுகுகிறது. நல்ல இறுக்கத்தில் இருக்கிற கம்பி தளர்ந்தாலும் விறைப்பு விடாது. லொங்காரான கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து, ஹப் ஓட்டையில் அசைந்து, வளைவில் மடங்கி நிமிர்கிறது. கையால் கம்பியை முன்னும் பின்னும் மடித்து ஒடிக்கிறோமே, அதேதான். தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பின்சக்கரத்தில் பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலது பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன, இடது பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அதனால் ரிம் நடுவில் நிற்க வலது பக்கம் 100 முதல் 120 கிலோ இழுப்பு இருந்தால், இடது பக்கம் அதில் பாதி, பாதிக்குச் சற்று மேல்தான் வரும். இடதை மட்டும் தனியாக இறுக்க முடியாது, ரிம் இடப்பக்கம் போய்விடும். வலதை ஏற்றினால்தான் இடது ஏறும். உங்கள் சக்கரத்தில் வலதே 70 கிலோவில் நின்றால் இடது என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

செய்ய வேண்டியது: இடது பக்கக் கம்பிகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மூன்று அறுந்தால் மீதியும் களைத்திருக்கும். இடது பக்கத்துக்கு, நடுப்பகுதி மெலிந்த கம்பி போட்டால் இன்னும் நல்லது, கொஞ்சம் நீண்டு கொடுக்கும், சட்டென்று தொய்யாது. நிப்பிளைத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஆகையால் வேண்டியதைவிடக் கால் சுற்று அதிகம் திருப்பிக் கால் சுற்று பின்வாங்குங்கள். புதுச் சக்கரம் முதல் நூறு மீட்டரில் ‘டிக் டிக்’ என்பது அந்த முறுக்கு அவிழ்வதுதான், பயப்படாதீர்கள். கட்டி முடித்ததும் இரண்டிரண்டு கம்பியாகப் பிடித்துப் பலமாக அழுத்துங்கள், பிறகு மறுபடி கோட்டம் பாருங்கள். இழுப்பு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். நிப்பிள் சாவியில் 3.23, 3.30, 3.45 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. ‘ஏறக்குறையப் பொருந்துகிறது’ என்று பெரிய சாவியைப் போட்டால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் இடுக்கிதான்.

மலைப்பாதைக்காரன்:

ஐயா கதை நான்கு வரி, பாடம் நாற்பது வரி. 😀

எனக்குக் கம்பி அறுந்ததில்லை, ஆனால் சக்கரம் சுட்டிருக்கிறது. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்குப் போகும் ஜீப் பாதை தெரியும்தானே. சுமார் 5 கிலோமீட்டருக்குள் 700 மீட்டர் ஏற்றம். ஏறியதில் பெருமை, இறங்கியதில் புத்தி இல்லை. ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் ‘புஸ்’. ரிம்மைத் தொட்டேன், தோசைக்கல். இன்னும் இந்த விரல் நுனியில் தழும்பு இருக்கிறது. டியூபில் முன்பு ஒட்டியிருந்த பஞ்சர் துண்டு, சூட்டில் பசை இளகித் தனியே வந்துவிட்டது. இப்போதெல்லாம் பாதியில் இரண்டு தடவை நின்று குரங்குகளை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்குகிறேன்.

கூலிம் தோட்டத்துப் பெண்:

நீங்கள் கம்பியில் நில்லுங்கள், நான் டயருக்கு வருகிறேன். போன வருடம் டியூப்லெஸ்ஸுக்கு மாறினேன். ஓட்டை விழுந்தால் அடைக்க டயருக்குள் ஊற்றுகிற ரப்பர் பால் பாட்டிலைத் திறந்ததும் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, “என்னம்மா, பால் வாளி வாசம் அடிக்குது?” என்றார். இருபத்தைந்து வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தவர். பாட்டிலைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். “அமோனியா. கட்டியாகாம இருக்க நாங்களும் இதைத்தான் ஊத்துவோம்” என்றார். நான் நாற்பது மில்லிக்கு இத்தனை வெள்ளி கொடுத்தேன் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

மூன்று மாதம் கழித்து டயரைக் கழற்றினேன். நம் சூட்டுக்குப் பால் எல்லாம் காய்ந்து ரிம்மோடு ஒட்டிக் கிடந்தது. நான் கத்தியைத் தேடினேன். அப்பா நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி, ஒரே நீள நாடாவாக முழு ரிம்மையும் உரித்து எடுத்துவிட்டார். மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரிக்கிற அதே கை. உரித்ததைக் குப்பையில் போடவில்லை, உருட்டிப் பந்தாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

குளுகோர் கடலோரம்:

அக்கா, அமோனியா கலந்த பால் அலுமினிய ரிம்மை அரிக்கக்கூடும். அமோனியா இல்லாதது பார்த்து வாங்குங்கள். பாயான் லெப்பாஸ் ஐயாவுக்கு: நான் குழப்பவில்லை. முழுச் சக்கரத்தையும் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.

பிறை இரவு ஷிஃப்ட்:

எல்லாரும் பாகம் பேசுகிறீர்கள், நான் விளக்கு. பின்னால் வருகிற வண்டியை ரேடாரில் கண்டு சொல்லுகிற பின்விளக்கு வாங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்கு வேலை முடிந்து திரும்பும்போது அது ‘பீப்’ என்றால்தான் எனக்கு மூச்சு வரும். மழையில் சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக உட்காராததை நான் பார்க்கவில்லை. நடுவழியில் ‘பீப்’ நின்றுபோனது. லோரி ஒன்று என் முழங்கையை ஒட்டிப் போன பிறகுதான் அது நின்றதே தெரிந்தது. இப்போது அதோடு சேர்த்து இருபது வெள்ளிச் சாதா விளக்கும் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

வயலின் டீச்சர்:

சைக்கிள் என் கணவருடையது, காது என்னுடையது. பாலிக் புலாவ் தாத்தா செய்ததைப் படித்ததிலிருந்து வீட்டில் சக்கரத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறேன்.

மீட்டர் வாங்கச் சொன்ன ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தந்தியின் இழுப்பு நான்கு மடங்கானால்தான் சுருதி ஒரு ஸ்தாயி (அடுத்த ‘ச’ வரை) ஏறும். அப்படிப் பார்த்தால் இடது பக்கத்தை ‘ச’ என்று வைத்துக்கொண்டு, வலது பக்கம் சுத்த மத்யமமாக (‘ம’) ஒலித்தால், இடதின் இழுப்பு வலதில் 56 சதவீதம். வலது பக்கம் ‘ப’ என்று ஒலித்தால் 44 சதவீதம்தான், அப்போது கொஞ்சம் யோசிக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே தடிமன் கம்பியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே தொடும் இடத்துக்கு மேலே, ரிம் பக்கமாகச் சுண்டுங்கள்.

ஆனால் இந்தச் சுருதி இடதுக்கும் வலதுக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே சொல்லும். மொத்தமாகவே லொங்காரா என்று அறிய மீட்டர் வேண்டும், அல்லது நல்ல சக்கரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் இருக்கின்றனவா என்பது. என் கணவரின் சக்கரம் வலது பக்கம் மட்டும் ஒரு முழு ராகம் பாடுகிறது.

பாயான் லெப்பாஸ் ஓய்வாளர்:

டீச்சர், 56 சதவீதம் சரியான எண். மீட்டர் வேண்டாம் என்று எழுதிவிடுவீர்களோ என்று பயந்தேன்.

ஜெலுத்தோங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் சுண்டிப் பார்த்தேன். எனக்கு ச, ப எல்லாம் பிடிபடாது, பக்கத்து வீட்டில் பாட்டு கற்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். வலது பக்கம் ‘ப’வுக்கும் மேலே இருக்கிறது என்றாள். வால்வு ஓட்டையிலிருந்து நான்காவது கம்பி மட்டும் ஸ்வரமே இல்லாமல் ‘தப்’ என்றது. அதைத் திருப்பலாம் என்று 3.23 சாவியை வைத்தால் நிப்பிள் கையோடு சுற்றுகிறது. நிப்பிளின் கழுத்து பிளந்திருக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பொடி. குளுகோர் அண்ணே, படம் எடுத்து வைத்திருக்கிறேன், வெளிச்சம் வந்ததும் போடுகிறேன். பித்தளையில் 28 வேண்டும், நீங்கள் எங்கே வாங்கினீர்கள்?