அறிபுனை மாநாட்டுக்குத் தனியாகப் போவதில் இன்பம் உண்டா?

கேள்வி:
பல ஆண்டுகளாக அறிபுனைவும் (அறிவியல் புனைகதை) மிகுபுனைவும் (மாயக் கற்பனைக் கதை) வாசித்துவருகிறேன். ஆனால் வாசகர் மாநாடு எதற்கும் போனதில்லை. எழுத்தாளர்களின் உரைகள் பின்னர் காணொளியாகவே கிடைத்துவிடும்போது, பணம் செலவழித்து நான்கு நாட்கள் கூட்டத்தில் நிற்பதில் அப்படி என்ன இருக்கிறது? இயல்பிலேயே கூச்சம் மிகுந்தவன், துணைக்கும் ஆளில்லை.

மறுமொழி 1:
உரை கேட்பதற்கு மட்டும் என்றால் காணொளியே போதும், ஐயமில்லை. ஆனால் வாசகர்களே நடத்தும் மாநாட்டில் நீங்கள் வாங்குவது நுழைவுச்சீட்டன்று, உறுப்பினர் உரிமை. 1939இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 200 பேருடன் தொடங்கி, போர்க்காலமான 1942 முதல் 1945 வரை மட்டும் நின்றுபோன வேர்ல்ட்கான் என்னும் உலக அறிபுனை மாநாட்டை இன்றளவும் ஊதியமில்லாத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். அறிபுனைவு, மிகுபுனைவு படைப்புகளுக்கான ஹியூகோ விருது யாருக்கு என்பதையும், வருங்கால மாநாடு எந்த நகரில் என்பதையும் உறுப்பினர்களின் வாக்குகளே முடிவுசெய்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, ஓர் எழுத்தாளரும் பத்துப் பேர் அளவிலான வாசகர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் சிறு சந்திப்பு. (இடம் விரைவில் நிரம்பிவிடும், காலையிலேயே பெயர் எழுதிவிடுங்கள்.) தலைமுறைகள் கடந்து பயணிக்கும் விண்கலத்தில் குடிநீர் எப்படிச் சுழற்சியாகும் என்று அங்கே தொடங்கிய ஒரு வாதம், அறை பூட்டப்பட்ட பின் படிக்கட்டில் நள்ளிரவுவரை நீண்டது. உடனிருந்த மூவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்படியொரு பேச்சு எந்தக் காணொளியிலும் பதிவாவதில்லை.

மறுமொழி 2:
கதைமாந்தர்களைப் போல உடையணிந்து வரும் வேடப் புனைவை (காஸ்ப்ளே) விட்டுவிட்டீர்களே! 1939இன் அந்த முதல் வேர்ல்ட்கானுக்கே, மிர்டில் டக்ளஸ் என்ற ரசிகை வடிவமைத்த எதிர்கால உடைகளை அணிந்துகொண்டுதான் அவரும் சக ரசிகர் ஃபாரஸ்ட் அக்கர்மனும் வந்தார்கள். வேடம் அணிவது கட்டாயமில்லை. ஆனால், அணிந்திருப்பவரிடம் "இந்தக் கவசத்தை எதில் செய்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அடுத்த அரைமணி நேரம் அவரே பேசுவார், உங்கள் கூச்சத்துக்கு வேலையே இருக்காது. படம் எடுக்குமுன் மட்டும் அனுமதி கேளுங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னவை சிறிய, நடுத்தர மாநாடுகளுக்கே பொருந்தும் என்பது என் கருத்து. 1970இல் சில நூறு பேருடன் தொடங்கிய சான் டியாகோ காமிக்-கான் என்னும் அமெரிக்கச் சித்திரக்கதை மாநாட்டுக்கு இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அத்தகைய இடங்களில் பாதிப் பொழுது வரிசையிலேயே கழியும். கூச்சமுள்ளவர் சிறிய மாநாடொன்றில் பதிவு மேசைப் பணிக்குப் பெயர் கொடுப்பதே நல்லது. பேசுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை உணவு, ஒரு குளியல் என்ற பழைய விதியையும் மறவாதீர்கள். மூன்றாவதை மறந்தவரின் அருகில் அமர்ந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பதிவு மேசைக்கே விண்ணப்பித்துவிட்டேன். கழுத்தில் மாட்டும் அட்டையில் இயற்பெயர்தான் இருக்க வேண்டுமா?

மறுமொழி 1:
பெரும்பாலும் வேண்டியதில்லை, நீங்கள் விரும்பும் பெயரையே அச்சிட்டுத் தருவார்கள். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.