மறு: 'நாட்டம்', 'கவர்தன்மை' குழப்பம் – 'பங்கீர்ப்பு' பொருந்துமா?

வணக்கம். 'எலக்ட்ரான் கவர்தன்மை' (electronegativity) என்ற வேதியியல் சொல்லுக்குப் பதிலாகப் 'பங்கீர்ப்பு' பொருந்துமா என்ற இழையில் வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> தனிம வரிசை அட்டவணைப் பண்புகளுக்கெல்லாம் சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையானது) இரண்டிலும் எனக்குப் பிணக்கில்லை. தொடரில் (அட்டவணையின் கிடைவரிசையில்) வலப்பக்கம் போகப் போகப் பொதுவாக ஆரம் சுருங்கும், அயனியாக்கும் ஆற்றல் ஏறும். தொகுதியில் (நெடுவரிசையில்) கீழே இறங்கினால் நேர்மாறு. பெயரைக் கேட்டதுமே எதைப் பற்றிய பேச்சு என்று விளங்கிவிடும். இடறுவது அடுத்த இரண்டில்தான்: எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை.

நாடுவதும் கவர்வதும் ஒரே ஆசைக்கு இரண்டு பெயர் மாதிரி இல்லையா? நாட்டம் உள்ளவன்தானே கவரப் போவான் என்று மாணவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'நாட்டம்' என்பது தனித்து நிற்கும் வளிம அணு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது வெளிவிடும் ஆற்றல். 'கவர்தன்மை' என்பது, பிணைப்புக்குள் வந்துவிட்ட அணு, பங்கிட்ட எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் காட்டும் ஒப்பீட்டு எண். அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங் 1932இல் பிணைப்பு ஆற்றல்களை ஒப்பிட்டு இந்த அளவுகோலைத் தந்தார். வழக்கத்தில் இதற்கு அலகு எழுதுவதில்லை.

நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிக்கூட்டின் ஒரு பகுதியான 2p துணைக்கூட்டில் மூன்று அறைகள் (ஆர்பிட்டால்கள்); அங்கே மூன்று எலக்ட்ரான்கள், அறைக்கு ஒன்றாகச் சரிபாதி நிரம்பி அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. நான்காவதாக ஒன்று வந்தால் ஏற்கெனவே ஆள் இருக்கும் அறையில்தான் நுழைய வேண்டும். தனி நைட்ரஜன் அணு அதை ஏற்றுத் தக்கவைத்துக்கொள்வதில்லை. அதாவது நாட்டம் இல்லை. ஆனால் பாலிங் அளவுகோலில் அதே நைட்ரஜனுக்கு 3.04, ஃப்ளூரின், ஆக்சிஜன், குளோரினுக்கு அடுத்து நான்காம் இடம். அம்மோனியாவில் ஹைட்ரஜன்களின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவைத்திருப்பதும் அதுதான். இதை இன்றைய சொற்களில் எழுதினால் "நாட்டம் இல்லை, கவர்தன்மை மிகுதி" என்று வரும். படிப்பவருக்கு அச்சுப்பிழை என்றுதான் தோன்றும்!

ஃப்ளூரினும் குளோரினும் இதே கதைதான். நாட்டத்தில் குளோரின் மேலே: மோலுக்கு 349 கிலோஜூல், ஃப்ளூரினுக்கு 328. ஃப்ளூரின் அணு மிகச் சிறியது, வருகிற எலக்ட்ரானை உள்ளே இருப்பவை நெருக்கித் தள்ளுகின்றன. கவர்தன்மையிலோ ஃப்ளூரின் 3.98, குளோரின் 3.16.

> 'மின்னெதிர்த்தன்மை' என்று இலங்கைப் பாடநூல்களில் இருக்கிறது, அதையே பொதுவாக்கலாம்.

அதில் எனக்குத் தயக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியசு காலத்து மின்வேதியியலில், நேர்மின் முனையை நோக்கிப் போகும் தனிமங்களை எதிர்மின் தன்மையுடையவை என்றார்கள். அந்தப் பழைய பெயரின் மொழிபெயர்ப்பு இது. கருத்து பிணைப்புக்கு நகர்ந்துவிட்டது, பெயர் மின்முனையிலேயே நிற்கிறது. தமிழில் 'எதிர்' என்றால் எதிர்த்தல் என்ற பொருளும் முந்திக்கொண்டு வரும். மின்னை எதிர்க்கும் தன்மை என்று எடுத்துக்கொண்டால் மின்தடையில் போய் முட்டும்.

'கவர்ச்சி' என்று சுருக்கலாம் என்றவருக்கு: வேண்டாம் ஐயா, வகுப்பு அடங்காது.

என் முன்மொழிவு பங்கீர்ப்பு. பங்கு + ஈர்ப்பு. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. பங்கிட்ட இணையை ஈர்ப்பது. பிணைப்பு இருந்தால்தான் பங்கு இருக்கும், ஆகவே தனி அணுவைப் பற்றிய பேச்சில்லை என்று பெயரே சொல்லிவிடும். நாட்டத்தை ஏற்பாற்றல் ஆக்கிவிடலாம். 'அயனியாக்கும் ஆற்றல்' பக்கத்தில் இயல்பாக உட்காரும்; ஆற்றலின் கூட்டல், கழித்தல் குறி மாறினாலும் சங்கடமில்லை.

இன்னொரு வசதி, இரண்டு சொல்லிலும் 'எலக்ட்ரான்' இல்லை. ஒருவர் எலக்ட்ரான் என்கிறார், ஒருவர் இலத்திரன், இன்னொருவர் எதிர்மின்னி. 'மின்னணு'வோ வாக்குப்பதிவு எந்திரத்தோடு போய்விட்டது. அந்தச் சண்டை முடியும்வரை இது காத்திருக்க வேண்டியதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "தொகுதியில் கீழே செல்லச் செல்லப் பங்கீர்ப்பு குறைகிறது, சீசியத்துக்கு 0.79 மட்டுமே." "பங்கீர்ப்பு வேறுபாடு கூடக் கூடப் பிணைப்பின் அயனித்தன்மை கூடும்." நாக்கில் தடுக்கவில்லை.

----

> சொல் நன்று. இரண்டு ஐயங்கள். அமெரிக்க அறிவியலாளர் முல்லிக்கன் 1934இல் கவர்தன்மையை அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம் இரண்டின் சராசரியாக வரையறுத்தார். இரண்டுமே தனி அணுவின் அளவுகள். அங்கே பங்கு எங்கே வந்தது? மேலும், 'பங்கு' என்றதும் பங்குச்சந்தை நினைவுக்கு வருகிறது.

முதல் ஐயம் நியாயமானது, முழுதாகத் தட்டிக்கழிக்க மாட்டேன். முல்லிக்கன் கணக்குப் போடுவது தனி அணுவை வைத்துத்தான். ஆனால் இருப்பதை விடாமல் வைத்திருக்கும் பிடியையும் புதிதாக ஏற்கும் விருப்பத்தையும் அவர் ஒன்றாகக் கூட்டியது, பிணைப்புக்குள் இணை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வதற்காகவே. அளக்கும் வழி எதுவானாலும் அளக்கப்படும் பண்பு அதுதானே. நைட்ரஜன் முடிச்சும் இங்கே கொஞ்சம் அவிழ்கிறது: ஏற்பாற்றல் இல்லாவிட்டாலும் அதன் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1402 கிலோஜூல், பக்கத்து வீட்டு ஆக்சிஜனைவிடவும் (1314) அதிகம். சராசரியைத் தூக்கி நிறுத்துவது அதுதான்.

சந்தை பற்றி: 'சகப்பிணைப்பு' என்று சிலர் எழுதுவதைப் 'பங்கீட்டுப் பிணைப்பு' என்று வேறு சிலர் எழுதுகிறார்கள், அதைப் படித்து யாரும் முதலீடு செய்யக் கிளம்பவில்லை.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் 'பங்கீர்ப்பு' என்று முதன்மையாகவும், கவர்தன்மை, மின்னெதிர்த்தன்மை இரண்டையும் இணைச்சொற்களாகவும் சேர்த்துவிடுகிறேன். 'திரைமறைப்பு விளைவு' (உள் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைப்பது) பற்றித் தனி இழையில் எழுதுகிறேன். திரையும் மறைப்பும் ஒன்றையே இரண்டு முறை சொல்கின்றனவோ என்று எனக்கொரு சந்தேகம்.