புதுப்பிப்பு: ஷெவெலின் அலுமினிய ரேடியேட்டர், சூடேறியதன் காரணம் தெரிந்தது

1970 ஆம் ஆண்டு ஷெவெல் காரில் பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்திய பிறகும், சிக்னலில் நின்றால் இன்ஜின் வெப்பம் 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நெடுஞ்சாலையில் வெப்பமானியின் முள் 185இலேயே நிற்பதால் குறை காற்றோட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று சிலர் சொன்னீர்கள். அது முற்றிலும் சரி.

புதிய ரேடியேட்டர் பழையதைவிட மெலிதாக இருந்ததால், அதற்கும் விசிறியைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. விசிறி ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுக்காமல், இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே அந்த இடைவெளி வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. தகரப் பட்டையை வளைத்து, விளிம்பில் ரப்பர் ஒட்டி அதை அடைத்தேன். விசிறி இதழ்களில் பாதி உறைக்குள் இருக்குமாறும் சரிசெய்தேன். இப்போது இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடினாலும் முள் 195ஐத் தாண்டுவதில்லை.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையிலும், மறுமுனையை உலோகத்தில் படாமல் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலன்ட்டிலும் (குளிர்விக்கும் திரவம்) வைத்துப் பார்த்தபோது 0.4 வோல்ட் காட்டியது. அலுமினியத்தை உள்ளிருந்தே அரித்துவிடக்கூடிய அளவு அது. இன்ஜினிலிருந்து பாடிக்கு மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் பட்டை துருவேறிக் கிடந்ததால், மின்சாரம் கூலன்ட் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும் 0.05க்கு இறங்கியது.