மறுமொழி: விண்போர் விமானமா, போர்க்கலமா? ‘போரோடம்’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக வந்த மடல்களை நேற்று இரவுதான் உட்கார்ந்து படித்தேன். ஆர்-டைப் என்ற விண்வெளிச் சண்டை வீடியோ ஆட்டத்துக்குத் தமிழில் கையேடு எழுதத் தொடங்கி முதல் பத்தியிலேயே நிற்கிறோம். நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆடுகிறவர் தொடக்கம் முதல் கடைசி வரை ஓட்டப்போவது ஆர்-9 என்ற அந்தக் கலத்தைத்தான். அதற்கு வைக்கும் சொல் கோணலானால் கையேடு முழுக்கக் கோணலாகிவிடும்.

> ‘போர் விமானம்’ எல்லாருக்கும் தெரிந்த சொல். முன்னால் ‘விண்’ சேர்த்து ‘விண்போர் விமானம்’ என்று முடித்துவிடலாமே? (புதுச்சேரித் தோழர்)

தோழர், தெரிந்த சொல் என்பது உண்மை. கலத்தின் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தால் விமானம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டிப் பாருங்கள். ஜாய்ஸ்டிக்கை விட்டால் கலம் இருந்த இடத்திலேயே மிதந்து நிற்கும். மேலே, கீழே, பின்னால் என்று எந்தப் பக்கமும் நகரும். திரை மட்டும் தன்போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆற்றின் இழுப்பில் மாட்டிக்கொண்டு, இரண்டு கரையிலும் இடிக்காமல் போவதைப் போன்ற ஆட்டம் அது. விமானம் அந்தரத்தில் நிற்காது, படகு நிற்கும்.

1993இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஆட்டத்தின் ஆர்விங் என்ற கலம் வேறு வகை. அது எப்போதும் முன்னோக்கிப் பறக்கும், அடிபட்டால் இறக்கை உடையும். அதை விமானம் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆர்-9 அப்படியல்ல.

‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்ற புறநானூற்று வரியிலிருந்து ‘வானவூர்தி’யை எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் அந்த வரி சொல்வது ஓட்டி இல்லாத ஊர்தியை. நம் கலத்தில் ஓட்டி இருக்கிறார்.

> அப்படியானால் ‘விண்போர்க்கலம்’. ‘விண்கலம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

இதைத்தான் நானும் முதலில் குறித்து வைத்திருந்தேன். ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு வந்தபோது அடித்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் எதிரியின் ஒரே ஒரு கப்பல்தான். திரைக்குள் அடங்காத அளவு பெரியது. அதன் மேலும் கீழும் சுற்றிச் சுற்றி வந்து பீரங்கிகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். அதுதான் போர்க்கலம். அதைச் சுற்றிவரும் நம்முடையதையும் போர்க்கலம் என்றால், ‘போர்க்கலம் போர்க்கலத்தின் அடியில் நுழைகிறது’ என்று எழுத வேண்டிவரும். படிப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

நான் கடலூர் முதுநகர்க்காரன். துறைமுகத்தில் விசைப்படகையும் கட்டுமரத்தையும் யாரும் ஒரே பேரால் கூப்பிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்கும் வேலைக்கும் ஏற்ற பேர் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் போன வாரம் ‘விண்தோணி’ என்று எழுதினேன். அதற்குத் தூத்துக்குடி அண்ணன் அனுப்பிய பதில் என்னை மாற்றிவிட்டது. அங்கே தோணி என்றால் நூற்றுக்கணக்கான டன் சரக்கேற்றும் பெரிய மரக்கலம். நான் சின்னதென்று நினைத்து வைத்த சொல் அவர் காதில் சரக்குக் கப்பலாக விழுகிறது. இரண்டு ஊரில் இரண்டு அளவு காட்டும் சொல் கையேட்டுக்கு ஆகாது. நன்றி அண்ணா, தோணியைத் திரும்பப் பெறுகிறேன்.

பிறகு என் மாமாவிடம் கேட்டேன். படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். அந்த மூன்றாம் கட்டத்தைப் போனில் ஓடவிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பெருசு கப்பல். இது கப்பலச் சுத்தி வர்ற ஓடம்டா” என்றார். சின்ன வயதில் உப்பனாற்றை ஓடத்தில் கடந்திருக்கிறேன், இருந்தும் எனக்கு அந்தச் சொல் தோன்றவில்லை.

ஓடம் எந்த ஊரிலும் சிறியதுதான். ‘விண்ணோடம்’ என்று விண்வெளிக்குப் போய்த் திரும்பும் ஓடத்துக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள், அதனால் விண்வெளிக்கும் புதிதில்லை. போர் + ஓடம் = போரோடம். போரோடத்தில், போரோடங்கள் என்று வேற்றுமையும் பன்மையும் தடங்கலில்லாமல் வருகின்றன. ‘விண்’ வேண்டுமென்றால் சொற்பட்டியலில் ஒருமுறை ‘விண்போரோடம்’ என்று போட்டுவிட்டு, கையேட்டுக்குள் போரோடம் என்றே எழுதலாம். 2003இல் வந்த ஆர்-டைப் ஃபைனலில் 101 கலங்கள் உண்டு. அத்தனைக்கும் சேர்த்து ஒரு பொதுப்பெயர் நமக்கு வேண்டும். ஆர்-9 போன்ற தனிப்பெயர்களை அப்படியே விடலாம்.

அடுத்தது ‘ஃபோர்ஸ்’.

> அகராதியில் ‘விசை’ என்றிருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

இதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விசை பள்ளி இயற்பியலில் வரும் சொல். இந்த ஆட்டத்தில் ஃபோர்ஸ் என்பது ஒரு பொருள், உருண்டை. எதிரிகளான பைடோவின் உயிர்ப்பொருளிலிருந்தே மனிதர்கள் செய்தது. கலத்தின் முன்பக்கமோ பின்பக்கமோ மாட்டிக்கொள்ளலாம், கழற்றி முன்னே அனுப்பலாம், திரும்ப வரவழைக்கலாம். வருகிற குண்டுகளைத் தடுக்கும், அது அழியாது. 1987இல் ஐரெம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆட்டத்திலிருந்தே ஆர்-டைப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. எப்போது முன்னால் வைப்பது, எப்போது பின்னால் வைப்பது என்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை தெரியும்.

என் முன்மொழிவு ‘காப்பு’. நம் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் காப்புக் கட்டுவார்கள், முடிந்ததும் அவிழ்ப்பார்கள். காக்கும் பொருள், கட்டவும் அவிழ்க்கவும் முடியும் என்ற இரண்டும் அந்தச் சொல்லில் இருக்கிறது. வினைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: முன்காப்புக் கட்டு, பின்காப்புக் கட்டு, காப்பை அவிழ். கணினித் துறையில் ‘காப்பு’க்கு வேறு பயன்பாடு உண்டே என்று கேட்பீர்கள். விளையாட்டுக் கையேட்டில் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

கலத்தின் ஆயுதமான ‘வேவ் கேனன்’ அலைப் பீரங்கிதான், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து ஆற்றல் சேர்ப்பதற்கு மட்டும் சொல் வேண்டும். ‘மின்னேற்று’ என்றால் செல்போன் ஞாபகம் வருகிறது. கலத்தின் மூக்கில் ஒளி திரள்வது கண்ணுக்கே தெரிவதால் ‘திரட்டு’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

“பெரிய போர்க்கலத்தின் அடியில் போரோடத்தை நுழைக்கும் முன் பின்காப்புக் கட்டிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து வரும் குண்டுகளைக் காப்பு பார்த்துக்கொள்ளும். அலைப் பீரங்கியைத் திரட்டியபடியே முன்னேறி, பீரங்கி மேடை நேரே வந்ததும் விடுங்கள்.”

பக்கத்து வீட்டுப் பையனிடம் இதைக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு. இந்த ஆட்டத்தை ஆடியதில்லை. படித்துவிட்டு, காப்பு எத்தனை தடவை கழற்றலாம் என்று மட்டும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இந்த மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டு இரண்டாம் பத்திக்குப் போகிறேன்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து