உள்வீதி வேலைக் கணக்கு: அருணா ராயின் முறை வன்னியில் சரிவருமா?

அக்கராயன்வாசி:
எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத்தில இந்தியச் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயைப் பற்றி ஒரு பின்னேரம் கதைக்க இருக்கிறம். 1946இல சென்னையில பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டவர், 2000இல மகசேசே விருது எடுத்தவர் எண்டது எல்லா இடமும் கிடக்கு. எனக்கு வேண்டியது, ஊர்ச்சனத்தை வைத்து அவர் கணக்குப் பிடித்த விதம். பிரதேச சபை கிரவல் போட்ட எங்கட உள்வீதிக்கு அதைச் செய்யலாமா? ஆருக்கு எழுதுறது, என்ன கேட்கிறது?

கனகராயன்:
செய்யலாம். ஆனால் அவரை உண்ணாவிரதக்காரராகவோ மேடைப் பேச்சாளராகவோ காட்டிவிடாதேங்கோ. அவரும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் 1987இல ராஜஸ்தானில தேவ்டுங்ரி எண்ட கிராமத்து மண்வீட்டில போய் இருந்தவை. 1990 மே 1இல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் எண்ட தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கினது. வறட்சி நிவாரண வேலையில கூலி குறைத்துக் குடுபட்டது. கேட்டால் "அளவுப்படி நீங்கள் வேலை செய்யேல்லை" எண்டு பதில். அந்த அளவு எழுதின புத்தகத்தைக் காட்டச் சொன்னால், அது அரசாங்க ரகசியமாம். சண்டை தொடங்கினதே அந்தக் கடதாசியில தான்.

1994 டிசம்பர் 2இல கோட் கிரானாவில முதல் பொது விசாரணை. வேலையாட்கள் பெயர்ப்பட்டியலையும் பில்களையும் சனத்துக்கு முன்னால சத்தமாக வாசித்தவை. பட்டியலில பெயர் இருக்கிற ஆள் கூட்டத்துக்குள்ளேயே இருந்து "நான் அந்த வேலைக்குப் போகவேயில்லை" எண்டு எழும்பிச் சொன்னால், அதுக்கு மேல எந்த ஓடிற்றும் (கணக்காய்வும்) தேவையில்லை.

உங்கட சங்கத்துக்கு முக்கியமான இடம் இன்னொண்டு. பேப்பரைப் பார்க்கலாம், நகல் தரமாட்டம் எண்டு ஒரு கட்டத்தில அரசாங்கம் நிண்டது. கையால பார்த்து எழுதின குறிப்பைப் பிறகு "பொய்" எண்டு சொல்லிவிடலாம், அத்தாட்சிப்படுத்தின நகலைச் சொல்லேலாது. அதால 1996 ஏப்ரலில பியாவர் பட்டினத்தில 40 நாள் தெருவில இருந்தவை. "எங்கட காசு, எங்கட கணக்கு" எண்ட கோஷம் அந்தப் போராட்டத்தோட சேர்ந்தது. இந்தியாவின்ர 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் அது. இந்தக் கதை முழுவதையும் அவரும் சங்கதனும் சேர்ந்து 2018இல புத்தகமாக்கியிருக்கினம்.

ஒலுமடு_ரவி:
இஞ்சத்தைய நடைமுறையை நான் சொல்லுறன். இலங்கையின்ர தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இல இருந்து நடைமுறையில இருக்கு. முதலில வீதி ஆற்ற பொறுப்பு எண்டு பாருங்கோ. ஏ, பி தர வீதியெண்டால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. சி, டி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்வீதி பிரதேச சபை. ஆனால் சபை வீதிக்கே சிலவேளை பிரதேச செயலகத்தால காசு வரும். அப்ப ரெண்டு இடத்துக்கும் போடுங்கோ, இல்லாட்டி "கோப்பு அங்க" எண்டு அலைக்கழிப்பினம்.

தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். தமிழில எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியில வரவேண்டாம். 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். மறுத்தாலோ பதில் வராட்டியோ 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் விடுகிறது அந்த முதல் 14 நாளைத் தான்.

"ஏன் வேலை தரமில்லை?" எண்டு கேட்டால் நாலு வரிக் கடிதம் வரும், அவ்வளவுதான். ஆவணத்தின்ர பெயரைச் சொல்லிக் கேளுங்கோ: மதிப்பீடு, பி.ஓ.கியூ. (வேலை அளவு, விலைப் பட்டியல்), ஒப்பந்தம், ரீ.ஓ.வின்ர (தொழில்நுட்ப அலுவலரின்ர) அளவீட்டுத்தாள், இறுதி பில், கொடுப்பனவு வவுச்சர். எல்லாத்துக்கும் "அத்தாட்சிப்படுத்திய நகல்" எண்டு எழுதுங்கோ.

மல்லாவி_கட்டுமானம்:
ரவி சொன்னதில அளவீட்டுத்தாள் தான் உயிர். கணக்கைச் சங்கத்தில கரும்பலகையில போட்டுக் காட்டுங்கோ. 1 கி.மீ. நீளம், 3 மீ. அகலம், இறுக்கின பிறகு 15 செ.மீ. தடிப்பு எண்டால் 450 கன மீற்றர். ஒரு கியூப் 2.83 கன மீற்றர், ஆக 159 கியூப். டிப்பரில வாறது இறுக்காத மண், கால்வாசி கூட வேணும்; சுமார் 200 கியூப் இறங்கியிருக்கோணும். 3 கியூப் டிப்பரெண்டால் 66, 67 லோட். எத்தினை லோட் வந்தது எண்டு வீதிக்கரைச் சனத்துக்குத் தெரியும்.

தடிப்புப் பார்க்க 100 மீற்றருக்கு ஒரு சின்னக் கிடங்கு, இடது, நடு, வலது எண்டு மாறி மாறி. சிவப்புக் கிரவல் முடிஞ்சு பழைய மண்ணின்ர நிறம் தெரியிற இடம் வரைக்கும் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கோ. நடுவில மட்டும் அளந்தால் பிழைக்கும். கரையில தான் மெல்லிசாப் போடுறவை. வீதியை விட்டு வெளிய கிண்டவேண்டாம், எங்கட பக்கம் வெடிபொருள் இன்னும் கிடக்கிற காணி இருக்கு. மாரிக்கு முன்னம் அளவுங்கோ, பிந்தினால் "வெள்ளம் அள்ளினது" எண்ட பதில் ரெடியா இருக்கும். கிடங்கை அண்டைக்கே மூடி இடிச்சுவிடுங்கோ.

அக்கராயன்வாசி:
பெரிய உதவி. விண்ணப்பத்தில ஒராளின்ர பெயர் போகவேணுமா? ஒப்பந்தகாரர் ஊருக்குள்ள இருக்கிறவர்.

ஒலுமடு_ரவி:
சங்கத்தின்ர பெயரில போடலாம். அங்கத்தவரில நாலில மூண்டு பங்காவது இலங்கைப் பிரஜையாக இருந்தால் சட்டம் ஏற்கும். தலைவர், செயலாளர் கையெழுத்து வையுங்கோ.

கனகராயன்:
கூட்டத்துக்கு ஒப்பந்தகாரரையும் ரீ.ஓ.வையும் எழுத்தில கூப்பிடுங்கோ, அவை பதில் சொல்ல இடம் வையுங்கோ. பொது விசாரணையிலும் மற்றப் பக்கத்துக்குப் பேச இடமிருந்தது. "கள்ளன்" எண்ட சொல் ஒருதரின்ர வாயிலயும் வரக்கூடாது. தாளில இருக்கிற எண்ணையும் நிலத்தில அளந்த எண்ணையும் மட்டும் வாசியுங்கோ. ஒப்பந்தகாரரின்ர பில்லில உத்தரவாதமாகப் பிடித்துவைத்த காசைச் சபை விடுவிக்க முதல் கூட்டத்தை வையுங்கோ. அதுக்குள்ள எண்டால் குறை நிரப்பச் சொல்லிக் கேட்கலாம்.