நெஞ்சில் மாடு குத்திய ஓட்டை: நாலு பக்கமும் ஒட்டலாமா?

கேள்வி (முதலுதவித் தொண்டர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)
சிராவயல் மஞ்சுவிரட்டில் கட்டுமாடு (வாடிவாசல் வழியாக இல்லாமல் வெளியில் அவிழ்த்துவிடும் மாடு) பாயும்போது வேடிக்கை பார்ப்பவர்களும் குத்துப்படுவதுண்டு. நெஞ்சு ஓட்டை வழியாகக் காற்று புஸ்ஸென்று போய்வந்தால், பிளாஸ்திரியை நாலு பக்கமும் ஒட்டணுமா, மூணு பக்கமா? காரைக்குடி ஜி.ஹெச். போகும்வரை எதைக் கவனிக்கணும்?

பதில் 1 (கேஷுவல்டி செவிலியர்)
மூணு பக்கம். மூச்சை இழுக்கும்போது ஓட்டைமேல் வைத்த பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். விடும்போது திறந்த பக்கமாக உள்காற்று வெளியேறும். சலைன் பை வரும் மேலுறை போதும். காயத்தைவிடச் சுற்றிலும் மூணு விரல்கடை பெரிசாக வெட்டுங்கள். முதலில் வியர்வை, புழுதி, ரத்தத்தைத் துடைக்காவிட்டால் எந்த டேப்பும் நிற்காது. வால்வு வைத்த செஸ்ட் சீல் (நெஞ்சுக் காயத்துக்கென்றே வரும் ஒட்டுத்தாள்) கையில் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். ஓட்டைக்குள் துணி திணிக்காதீர்கள். சட்டையைக் கிழித்து முதுகு, அக்குளையும் பாருங்கள், இன்னொரு குத்து ஒளிந்திருக்கும்.

ஒட்டியதோடு வேலை முடியவில்லை. திறந்த பக்கம் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். மூச்சுத்திணறல் கூடி, நாடி எகிறி, ஆள் பதறினால் உடனே பிளாஸ்டிக்கைத் தூக்கிவிடுங்கள். காற்று சீறி வெளியேறும். பிறகு மறுபடி ஒட்டலாம்.

பதில் 2 (அவசர சிகிச்சை மருத்துவர்)
மேலே சொன்னது சரி. நெஞ்சுக்குள் சிக்கிய காற்று நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும்போது கழுத்து நரம்பு (ரத்தக்குழாய்) புடைக்கும். அது புடைக்கவில்லையே என்று நம்பி உட்காராதீர்கள். ரத்தம் நிறையப் போயிருந்தால் புடைக்காது. மூச்சுக்குழாய் ஒருபக்கம் விலகுவது கடைசியில்தான் தெரியும். ஒருபக்கம் மூச்சொலி இல்லை, பி.பி. இறங்குகிறது என்றால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

அதற்காக நெஞ்சில் ஊசி குத்துவது மருத்துவர் வேலை, தொண்டர்கள் முயலவே வேண்டாம். பெரியவர்களுக்கு 4 அல்லது 5-ஆம் விலா இடைவெளி, அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி. விலாவின் அடிவிளிம்பில் ரத்தக்குழாய் ஓடுகிறது. ஆரஞ்சு வென்ஃப்ளான் (சலைன் ஏற்றும் ஊசிக்குழாய்) சுமார் 5 செ.மீ. தான், சதைப்பிடிப்பான ஆளுக்கு உள்ளே எட்டாது, மடங்கியும் போகும். 8 செ.மீ. ஊசி வேண்டும். அதுவும் தற்காலிகமே, அடுத்து 28–32 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) ஐ.சி.டி. டியூப், அதாவது நெஞ்சிலிருந்து காற்றையும் ரத்தத்தையும் வடிக்கும் குழாய். போட்டதும் 1500 மி.லி. ரத்தம் கொட்டினால், அல்லது மணிக்கு 200 மி.லி. வீதம் 2–4 மணி நேரம் வந்தால், நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும்.

கொம்புக் காயத்தில் வெளி ஓட்டை பொய் சொல்லும். மாடு தலையை உதறுவதால் உள்ளே கிழிசல் பெரிசு. முலைக்காம்புக்குக் கீழே குத்தியிருந்தால் வயிற்றையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். தண்ணீர், சோடா?

பதில் 3 (108 டெக்னீஷியன்)
வாயில் எதுவும் வேண்டாம், ஆபரேஷன் இருக்கும். நினைவிருந்தால் அவருக்கு வசதியாகச் சாய்ந்து உட்காரட்டும். முடிந்த அளவு ஆக்ஸிஜன், பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர். சிவகங்கைக்கோ மதுரைக்கோ மாற்றும்போது ஐ.சி.டி. டியூபைக் கிளாம்ப் (கவ்வி) போட்டு அடைத்து அனுப்பாதீர்கள்; நுரையீரலிலிருந்து காற்று கசியும் ஆளுக்கு வழியிலேயே மறுபடி அழுத்தம் ஏறும். டியூப் வடியும் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, அதை ஸ்ட்ரெச்சரில் ஆள் பக்கத்தில் படுக்க வைக்கவே கூடாது.